அடையும் இடமும் மேயும் இடமும்

வீட்டுக்கு நாலு கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த இனம் என்று. அடுத்துக் கேட்பது எவ்வளவு பெரிய கூண்டு என்று. முதல் கேள்விக்குச் சொன்ன பதில் பிசகினால் பெரிய நட்டமில்லை. சிறுவிடை ஒத்துவரவில்லை என்றால் கொடுத்துவிட்டுப் பெருவிடை வாங்கிக்கொள்ளலாம். கூண்டு பிசகினால் கோழி செத்த பிறகுதான் தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு கோழிகளோடு தொடங்கினேன். சாலையோரத்தில் விற்ற கம்பிக் கூண்டு ஒன்றை, ‘இருபது கோழி தாராளமா அடையும்’ என்று சொன்னதை நம்பி வாங்கினேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். நாலு பக்கமும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, மேலே தகரம், கதவுக்கு வளைத்துவிட்ட கம்பிக் கொக்கி. ஐப்பசியில் ஒரு விடிகாலை போய்ப் பார்த்தபோது ஒன்பது கோழிகள் செத்துக் கிடந்தன. தின்றிருந்தது ஒன்றரைக் கோழிதான். மற்றவை கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. மரநாய் வேலை. வலையைச் சட்டத்தோடு கட்டியிருந்த மூலையைப் பிரித்து உள்ளே புகுந்திருந்தது. மீந்த மூன்றும் அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குள் போகவே இல்லை. சாயங்காலம் ஆனால் பக்கத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்டன.

மரத்தில் ஏறியதில் புதுமை ஒன்றுமில்லை. அவை தம் பழைய வீட்டுக்குத் திரும்பின. வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் நடுப்பகுதியில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்று 2022-இல் வெளிவந்த ஆய்வுகள் கூறுகின்றன. காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. புன்செய் நெல் விளைந்த இடங்களில் சிந்திய தானியத்தைத் தேடி வந்த பறவை அப்படியே மனிதரோடு தங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்த வம்சத்தில் ஒரு பங்கு உண்டு. பல கோழிகளின் கால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். இந்தக் காட்டுக்கோழிகள் பகலெல்லாம் புதர் நிழலில் சருகைக் கிளறி மேயும். இருட்டும்போது மரத்தில் ஏறி அடையும். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் மனிதரோடு இருந்தும் வீட்டுக்கோழியின் பழக்கம் மாறவில்லை.

ஆகவே ஒரு கோழிக்கு இரண்டு இடம் வேண்டும். இரவில் உயரமான, உலர்ந்த, எதுவும் நுழைய முடியாத இடம். பகலில் அகலமான, நிழலான, மண் உள்ள இடம். இரண்டின் தேவைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரவு இடம் சிறிதாக இருக்கலாம், ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். பகல் இடம் அவ்வளவு கெட்டியாக இல்லாவிட்டாலும் பரந்திருக்க வேண்டும். கூண்டு வாங்கப் போகிறவர் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் தேடுகிறார். விற்கிறவரும் ஒரே பெட்டியாகத் தருகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர்ப் பழைய ஏற்பாடுகளில் இந்தப் பிரிவு தெளிவாக இருந்தது. என் அப்பத்தா வீட்டில் திண்ணையின் பக்கவாட்டில் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கூடு ஒன்று இருந்தது. ஒரு சேவல் தலைகுனிந்து நுழையும் அளவுக்கு வாசல். அதை அடைக்க ஒரு பலகை, பலகைக்கு முட்டுக் கொடுக்க ஓர் அம்மிக்கல். பகலில் கோழிகளுக்கு ஊரே மேய்ச்சல் காடு. ‘கோழியெல்லாம் அடஞ்சிருச்சா, எண்ணிப் பாத்தியாடா?’ என்று கேட்காமல் அப்பத்தா விளக்கு வைத்ததில்லை. நாய் அந்தக் கல்லைத் தள்ள முடியாது, பூனைக்கு இடுக்கு கிடையாது. ஆனால் அந்தக் கூட்டுக்குக் காற்றுப்போக்கு என்பதே இல்லை. காலையில் பலகையை எடுத்தால் வருகிற நெடியில் கண் எரியும். சுவரின் விரிசல்களில் கோழி உண்ணி குடியிருக்கும். பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்துகொண்டு, இரவில் மட்டும் வெளியே வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும் உயிர் அது. பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஓர் உண்ணிகூட அகப்படாது. கோழி மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். ஏன் மெலிகிறது என்று தெரியாமல் வேப்பெண்ணெயைக் கோழிக்குத் தடவிக்கொண்டிருந்தார்கள். தடவ வேண்டியது சுவருக்கு.

பஞ்சாரம் இன்னொரு வகை. மூங்கில் சிம்பால் முடைந்த, கவிழ்த்துப் போடுகிற பெரிய கூடை. கொங்குப் பக்கம் கொடாப்பு என்பார்கள். குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழியைப் பகலில் இரண்டு மணி நேரம் அடைத்து வைக்கவும், நோய்ப்பட்டதைத் தனியே பிரிக்கவும், சந்தைக்குக் கொண்டுபோகும் முன் பிடித்துப் போடவும் இதைவிட நல்ல சாதனம் இன்றுவரை வரவில்லை. காற்று நன்றாகப் போகும், நகர்த்தலாம், கழுவலாம். மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு இரவு முழுக்க விட்டால் மட்டும் நாய்க்கு வைத்த படையல் ஆகிவிடும். பஞ்சாரத்தைப் பகலுக்கான பொருளாக வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு நவீனமான கூடு கட்டினாலும் வீட்டில் ஒரு பஞ்சாரம் இருக்கட்டும்.

மரத்தில் அடையும் கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்று, குளிர்ச்சி, உண்ணி இல்லாமை எல்லாவற்றிலும் மரம்தான் முதலிடம். ஆனால் மரநாய் மரம் ஏறும். ஆந்தை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடிய விடிய நனைந்த கோழிக்குச் சளி பிடிக்கும். காட்டுப்பூனையின் பயம் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 139-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியோரம் வந்த காட்டுப்பூனைகளைக் கண்டு குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். பொழுதும் இடமும் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்று கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். கோழி இருட்டில் சரியாகப் பார்க்காது. அந்தி மங்கும் அரை மணி நேரம்தான் வேட்டையாடும் விலங்குக்கு வாகான நேரம். வேலிதான் அது வந்து நிற்கிற இடம்.

இப்போது விற்பனையில் இருப்பவற்றைப் பார்ப்போம். அடுக்கு அடுக்காக, அடியில் எச்சத் தட்டு வைத்த கம்பிக் கூண்டுகள் இன்று எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. இவை நாமக்கல் முட்டைப் பண்ணைக் கூண்டின் தம்பிகள். அந்தக் கூண்டு கோழிக்காக உருவானதல்ல. முட்டை உருண்டு முன்னால் வரவும், எச்சம் கீழே விழவும், ஒரே ஆள் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்துக்கொள்ளவும் உருவானது. என் கூண்டின் கணக்கையே போட்டுப் பார்த்தேன். பத்துச் சதுர அடியில் இருபது கோழி என்றால் ஒன்றுக்கு அரைச் சதுர அடி, அதாவது ஏறக்குறைய 465 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பரப்பு 624. கோழி ஒன்று சிறகை விரித்து உதறத் தாளைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 தொடக்கத்தோடு தடைசெய்தது. அங்கே அனுமதிக்கப்படும் கூண்டில்கூடக் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டரும், உட்காரக் கம்பும், முட்டையிட மறைவும் இருக்க வேண்டும். இந்தியாவில் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தந்த 269-ஆவது அறிக்கை இதே கூண்டுகளைப் பற்றியதுதான். பண்ணைகளில் நடப்பது பெரிய விவாதம். நாலு கோழி வளர்க்கிற வீட்டில் அந்தக் கூண்டுக்கு எந்த நியாயமும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. கிளறாத, மண்ணில் புரளாத கோழியைப் புறக்கடைக் கோழி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, படங்களில் அழகாகத் தெரிகிற மரக்கூடு. சரிந்த கூரை, சின்ன ஏணி, பக்கத்தில் முட்டைப்பெட்டி, கீழே கம்பிவலை போட்ட சிறு வெளி. குளிர் நாடுகளின் தோட்டங்களுக்கு எழுந்த வடிவம் அது. உள்ளே சூடு தங்கவேண்டும் என்பது அதன் முதல் எண்ணம். 2004-இல் இங்கிலாந்தின் ஆம்லெட் நிறுவனம் கொண்டுவந்த ‘எக்லு’ பிளாஸ்டிக் கூட்டில் இரட்டைச் சுவர் இருப்பது அதனால்தான். அந்தப் பிளாஸ்டிக் கூட்டில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அதில் இடுக்கு குறைவு, அதனால் உண்ணி ஒளிய இடமில்லை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். ஆனால் மூடிய பக்கங்களையும் தாழ்ந்த கூரையையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து சித்திரை வெயிலில் வைத்தால் அது கூடாக இருக்காது, அடுப்பாகிவிடும்.

நம் நாட்டில் கூடு கட்டுகிறவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது வெயிலைத்தான். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெளியே 30 டிகிரி தாண்டினால் வாயைப் பிளந்து மூச்சிரைக்கத் தொடங்கும். சிறகைத் தூக்கி உடலைவிட்டுத் தள்ளி வைக்கும். மூச்சில் போகும் ஈரம்தான் அதற்கு வியர்வை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். எனவே 38 டிகிரியில் திண்டுக்கல் கோழி தாங்குவதைச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள கோழி தாங்காது. கொழுத்த கோழி, கறிக்கென வளர்த்த இனம், அடைகாக்கும் கோழி ஆகியவை முதலில் சாயும்.

இதற்கு மின்விசிறி தேவையில்லை. கட்டும்போதே செய்யவேண்டிய நாலைந்து காரியங்கள் போதும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில்தான் படும். நீளமான வடக்கு, தெற்குப் பக்கங்களைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் கம்பிவலையாகவே விட்டுவிடலாம். கூரையின் இறவாரம் மூன்றடி வெளியே நீண்டிருந்தால் வெயிலும் சாரலும் உள்ளே வராது. கூரைக்குத் தகரம் போட்டால் அதன் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்துவிட வேண்டும், குறைந்தது சுண்ணாம்பாவது அடிக்க வேண்டும். தகரத்தின் கீழ் நிற்கும் கோழிக்குக் காற்றின் சூட்டோடு கூரை இறக்கும் சூடும் சேர்கிறது. ஒரு மத்தியானம் தகரத்தின் அடியில் கையை நீட்டிப் பார்த்தால் தெரியும். முழுக்கக் கீற்றாகவே வேய்ந்தால் குளிர்ச்சி அதிகம்தான். ஆனால் எலி கூடு கட்டும், எலியைத் தேடிச் சாரை வரும், ஓரிரு ஆண்டில் மாற்றவும் வேண்டும். தகரத்தின் மேல் கீற்று என்பதே என் அனுபவத்தில் சரியான நடுவழி.

கூரையை உயரமாகப் போடுங்கள். நடுவில் ஆறடிக்குக் குறையாமல் இருந்தால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். இன்னொரு பயனும் உண்டு: நீங்கள் நிமிர்ந்து நின்று பெருக்கலாம். ஆள் நுழைய முடியாத கூட்டை முதல் மாதம் ஆர்வத்தோடு சுத்தம் செய்வோம். நாலாவது மாதம் கையை மட்டும் நீட்டிச் சுரண்டுவோம். ஓராண்டில் அது கைவிடப்பட்டிருக்கும். இப்படி மூலையில் துருப்பிடித்து நிற்கிற கூண்டுகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

காற்றின் திசை ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும். மேற்குச் சுவரை முழுதாக அடைத்துவிட்டோம். கடற்கரை மாவட்டங்களில் பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழையின் சாரலுக்கு. அங்கே வடக்குப் பக்கத்துக்குச் சாக்குப்படுதா ஒன்றைச் சுருட்டித் தொங்கவிட்டு, மழைக்கு மட்டும் இறக்கிக்கொள்ளலாம். எந்த ஊரானாலும் கோழி உட்காரும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. காற்று பலமாக வரும் பக்கத்தில் அதன் தலைக்கு மேலேதான் திறப்பு வேண்டும்.

இடத்தின் அளவுக்கு வருவோம். பகலும் இரவும் கொட்டகைக்குள்ளேயே வைத்து, உமியோ கடலைத் தோலோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில் முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. வெளியே மேய்கிற கோழிக்கு இரவில் தரை அளவு முக்கியமே அல்ல. அது தரையில் படுக்காது. உட்காரும் கம்பின் நீளம்தான் கணக்கு. ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம். பன்னிரண்டு கோழிக்கு ஒன்பது அடிக் கம்பு, அல்லது நாலரை அடியில் இரண்டு. இரண்டையும் ஒரே உயரத்தில் வையுங்கள், ஓரடிக்கு மேல் இடைவெளி விட்டு. ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் மேல் கம்புக்கு அன்றாடம் சண்டை நடக்கும். கம்பு இரண்டு அங்குல அகலமாக, விளிம்பு மழுக்கியதாக இருக்கட்டும். இரும்புக் குழாய் வழுக்கும். அசீல் போன்ற கனத்த கோழிகளுக்கு இரண்டடி உயரமே போதும். உயரத்திலிருந்து குதித்துக் குதித்துப் பாதத்தில் புண் வந்து சீழ் வைக்கும்.

முட்டையிட ஓரடிக்கு ஓரடி அளவில் மறைவான, சற்று இருட்டான இடம் நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். பழைய கூடையில் வைக்கோல் போட்டு வைத்தாலும் ஆகும். அது உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே இருந்தால் கோழிகள் அதில்தான் அடையும், முட்டையெல்லாம் எச்சமாகும். அடைக்கு உட்காரும் கோழிக்கு மட்டும் 21 நாளும் வேறு கோழி வந்து முட்டையிடாத தனியிடம் வேண்டும். கட்டும்போது இதை நினைக்காமல் விட்டுவிட்டு, பிறகு சமையலறை மூலையில் அடை வைத்தவர்கள் ஏராளம். கூட்டின் கால்களை எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் பொரிக்கும் முட்டைக்கு எறும்பு வராது.

கூடு வாங்கும்போது இன்றுள்ள கோழிகளை எண்ணாதீர்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு முட்டையில் அடைக்கு வைத்தால் குஞ்சாக்கிவிடும். நாலு பெட்டையும் ஒரு சேவலும் உள்ள வீட்டில் தை மாதம் ஐந்தாக இருந்தது ஆவணியில் முப்பதாகும்.

இனி, என்னைக் கோழிக்கூடு பற்றி யோசிக்க வைத்த பகைவர்களுக்கு வருகிறேன். இவர்கள் ஆளுக்கு ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். கீரி பகலில் வேட்டையாடும். அது மேயும் இடத்தின் பகை. மரநாயும் காட்டுப்பூனையும் அந்திக்குப் பிறகு வருபவை, அடையும் இடத்தின் பகை. வல்லூறும் பருந்தும் பகலில் மேலிருந்து வரும், குஞ்சுகள்மேல் காகத்துக்கும் ஒரு கண் உண்டு. எலி இரவில் தீவனத்துக்காக வந்து குஞ்சையும் எடுக்கும். முட்டைக்குச் சாரையும் நாகமும் வரும். தெருநாய்க்கு நேரமே கிடையாது. கீரியையும் மரநாயையும் சாரையையும் பிடிப்பதோ கொல்வதோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நஞ்சு வைத்தால் செத்த எலியைத் தின்று ஆந்தையும் பூனையும் சாகும். ஆகவே அடைப்பு ஒன்றுதான் வழி, அதுதான் நியாயமும்கூட. மலையடிவாரம் அவற்றுக்கும் வீடு.

அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்கப் போதும். விலங்கை வெளியே நிறுத்தப் போதாது. நாய் பல்லால் கிழித்துவிடும். கண் அகலமும் பெரிது. மெல்லிய பாம்பும் குட்டி எலியும் தாராளமாக நுழையும். இரவு கூட்டுக்கு அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்தான் வேண்டும். அதைக் கட்டுக்கம்பியால் கட்டக் கூடாது. சட்டத்தோடு பற்றவைக்க வேண்டும், அல்லது பட்டை வைத்துத் திருகாணி போட வேண்டும். என் கூண்டு பிரிந்தது கட்டுக்கம்பியில்தான். கதவுக்குக் கொக்கி போதாது. தாழ்ப்பாளும் அதற்கு ஒரு பூட்டும் வேண்டும். மரநாய் முன்காலால் நெம்பும், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி கிடைத்தால் வேலையை முடித்துவிடும். செலவு மிச்சப்படுத்த வேண்டுமானால் சுவரில் மிச்சப்படுத்துங்கள், பெயின்டில் மிச்சப்படுத்துங்கள். வலையிலும் தாழ்ப்பாளிலும் வேண்டாம்.

தோண்டி வருவதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. வேலியின் அடியிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கப் போட்டு, மேலே மண்ணும் கல்லும் பரப்பிவிடுவது. தோண்ட வருகிற விலங்கு வேலியை ஒட்டித்தான் தோண்டும். கால் நகத்தில் வலை தட்டினால் வேறிடத்தில் தோண்டிப் பார்க்கும், அங்கேயும் வலை இருக்கும். ஒன்றரை அடி தள்ளி நின்று தொடங்க அதற்குத் தோன்றாது. இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி வலையைப் புதைப்பதைவிட இது மலிவு, எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் இதுதான் முடியும்.

மேயும் இடத்தைப் பற்றிப் பேச இன்னும் நிறைய இருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலர் அதை இடம் என்றே கருதுவதில்லை. கூட்டின் முன்னால் நாலடி வெற்றுத் தரையை வலையால் சுற்றிவிட்டு மேய்விடம் என்கிறோம். பத்தே நாளில் அதில் ஒரு புல் இருக்காது. ஒரு மாதத்தில் எச்சமும் சேறும் கலந்த களமாகிவிடும். இரத்தக்கழிச்சல் நோயின் கிருமியும் குடற்புழுவின் முட்டையும் அந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐரோப்பாவில் திறந்தவெளிக் கோழி என்று முட்டைக்கு முத்திரை குத்த, கோழி ஒன்றுக்கு வெளியே நாலு சதுர மீட்டர், அதாவது 43 சதுர அடி விட வேண்டும். வீட்டுக் கொல்லையில் அவ்வளவு விட எல்லோராலும் முடியாது. பத்துச் சதுர அடி என்பது கடைசி எல்லை. இருபது இருந்தால் கோழி கோழியாக நடந்துகொள்ளும். எனக்குப் பன்னிரண்டு கோழிக்குப் பத்தடிக்கு இருபத்துநாலடி அமைந்தது.

இருக்கிற இடத்தை நடுவில் ஒரு வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்றாகத் திறந்துவிடுவது மிகவும் பயன் தரும். ஓய்வில் இருக்கும் பாதியில் வெயில் பட்டு மண் காயும், புல் துளிர்க்கும், கீரையோ கம்போ விதைத்தாலும் வரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோயல் சலாடின் அடியில்லாத கூண்டை அன்றாடம் புல்வெளியில் நகர்த்தும் முறையைப் பரப்பினார். 1993-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு போன்ற சமதளத்தில் அது நடக்கும். பாத்தி, வரப்பு, சொட்டுநீர்க் குழாய், கல்லுத் தரை உள்ள தோட்டத்தில் கூண்டை நகர்த்துவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். வேலியை நடுவில் போடுவது நமக்கு எளிது.

அகலத்தைவிடவும் முக்கியம் நிழல். கோழி காட்டுப் பறவை, வெட்டவெளியை அஞ்சும். மரமில்லாத ஒரு ஏக்கரைத் திறந்துவிட்டாலும் கூட்டின் வாசலிலிருந்து சில அடிக்குள்ளேயே சுற்றும். நடுவில் நாலு முருங்கை, ஒரு வேம்பு, ஓரத்தில் அகத்தி வரிசை இருந்தால் கடைசி மூலைவரை போகும். மேலே பருந்து வட்டமிட்டாலும் ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். இளஞ்செடியின் வேரைக் கிளறி எடுத்துவிடும் என்பதால் அடியைச் சுற்றிக் கல் அடுக்க வேண்டும். மரம் வளரும்வரை மேலே நிழல்வலை கட்டலாம். பழைய மீன்வலை கிடைத்தால் பருந்துக்கு அது போதும். ஒரு மூலையில் இரண்டடி அகலத்தில் உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்து கூரைக்கடியில் வையுங்கள். மண்ணில் புரண்டுதான் கோழி தன் பேனை உதிர்க்கிறது. அது கோழியின் குளியல்.

தண்ணீர்த் தொட்டியையும் தீவனத்தையும் கூரைக்குள்ளேயே வைப்பது நல்லது. சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி கோடையில் இரண்டு மடங்கு குடிக்கும். வெயிலில் சுட்ட தண்ணீரைத் தொடாது. திறந்தவெளியில் தீவனம் இருந்தால் காகமும் கொக்கும் மைனாவும் பங்குக்கு வரும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதியானதிலிருந்து, வெளிப் பறவையோடு தீவனத்தைப் பகிராதிருப்பது வீட்டுக்கோழிக்கும் பொருந்தும் எச்சரிக்கை. வெள்ளைக்கழிச்சலைக் கூடு தடுக்காது, தடுப்பூசிதான் தடுக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் முகாம் நடத்துகிறது. கூடு செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. சந்தையில் வாங்கி வந்த கோழியை இரண்டு வாரம் தனியாக வைக்க, தள்ளி ஓர் இடத்தில் சிறிய இரண்டாம் கூடு. என் பழைய கம்பிக் கூண்டு, மூலைகளைப் பற்றவைத்து, வலையை மாற்றி, இப்போது அந்த வேலைக்குத்தான் பயன்படுகிறது.

தரை எதுவாக இருக்கலாம் என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. கம்பித் தரையில் எச்சம் தங்காது, ஆனால் கால் புண்ணாகும். சிமெண்டுத் தரை எலிக்கு நல்ல தடை, அதன்மேல் மூன்று அங்குலம் உமி போட்டால் போதும். மண்தரை குளிர்ச்சி, ஆனால் எலி வளை தோண்டும். நான் சிமெண்டும் உமியும் வைத்திருக்கிறேன். ஒரு கோழி நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும், அதில் பாதி இரவில் கம்புக்கு நேர்கீழே விழும். அந்த இடத்தில் ஒரு தகரப்பலகை வைத்துக் காலையில் வழித்து எருக்குழியில் போட்டுவிட்டால் உமி மாதக்கணக்கில் உலர்ந்தே இருக்கும். நாற்றம் எச்சத்தால் வருவதைவிட ஈரத்தால் வருவதுதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லும் முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி சிந்திக்கொண்டிருக்கும்.

நகரத்தில் மொட்டைமாடியில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கோடையில் வெந்துபோகும் கான்கிரீட் தளத்தில், மண்ணும் மரமும் இல்லாமல் வளர்ப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கீழே பத்தடிக்குப் பத்தடி மண்ணும் ஒரு மரநிழலும் இருந்தால் மூன்று பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அது இல்லாவிட்டால் விடிகாலை நாலு மணிக் கூவலும் இல்லை, அக்கம்பக்கத்தோடு பகையும் இல்லை.

புதுக் கூடு கட்டி முடித்ததும் புளியமரத்துக் கோழிகளை இருட்டில் ஏணி வைத்து இறக்கினேன். அவற்றோடு, தனியே வைத்திருந்து பார்த்த நாலு வெடைக்கோழிகளையும் சேர்த்து உள்ளே விட்டு, கதவைத் திறக்காமல் ஐந்து நாள் வைத்திருந்தேன். தீவனமும் தண்ணீரும் உள்ளேயே. எங்கே அடைய வேண்டும் என்பதைக் கோழி பழக்கத்தால்தான் கற்கும். ஆறாம் நாள் காலையில் திறந்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு முருங்கை மரத்தடியில் போய் நின்றேன். ஒரு வெடை முதலில் வந்தது, வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அதன் பின்னால் மூன்று. புளியமரத்துக் கோழிகளில் இரண்டு கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே சுற்றிவிட்டு நுழைந்தன. கடைசி ஒன்று வெளிச்சம் முழுக்கப் போகும்வரை வரவில்லை. அதை மறுபடியும் மரத்திலிருந்து இறக்கவேண்டியிருந்தது. அடுத்த மூன்று நாளும் அப்படியே. ஐந்தாவது நாள் கம்பில் எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன. தாழைப் போட்டுப் பூட்டினேன்.